லாண்ட்மாஸ்டருக்குக் காப்பு: இயந்திரத்துக்கும் கைக்கும்



ஒரு தவறை ஒப்புக்கொண்டு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, மீளக் குடியேறிய ஒரு கிராமத்தின் கமக்காரர் சங்கம் பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கியது. பாதிப் பணம் உதவியாகக் கிடைத்தது; மீதிப் பாதி கடன். கோயில் முற்றத்தில் அதை நிறுத்தி, பூமாலை போட்டு, என்னை அழைத்தார்கள். நான் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தேன். எல்லோரும் கை தட்டினோம். பெல்ற்றுக்கு மூடி இல்லை என்பதை அன்று நான் காணவில்லை. கண்டவர்களும் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓயில் கசிகிறதா என்று குனிந்து பார்த்த இளைஞர் ஒருவரின் சேட்டுக் கை பெல்ற்றில் அகப்பட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவருக்கு மூன்று சிறு பிள்ளைகள். வைத்தியசாலையில் நான் பார்க்கப் போனபோது, “சுவாமி, நான்தான் கவனிக்கேல்லை. மெசினில பிழையில்லை” என்றார். பிழை இயந்திரத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மூடி எங்கே என்று தேடிப் போனோம். முன்பு வைத்திருந்தவர் வீட்டில் அது கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகக் கிடந்தது. ஓயில் பார்ப்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எப்போதோ கழற்றியதாம்.

அந்த மூடியைப் பற்றியும், அதைப் போன்ற வேறு நான்கு காப்புகளைப் பற்றியும், அவற்றை நாமே செய்து பூட்டும் முறையைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எமது இயந்திரம்

இரு சில்லு உழவு இயந்திரத்தை நாம் எல்லோரும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கிறோம். அது முன்னொரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இயந்திரத்தின் பெயர். பின்னர் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வேறு இயந்திரங்கள் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. வயல் உழுவதும் இதுதான், நெல்லு ஏற்றுவதும் இதுதான், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் இதுதான். 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக் கூரை முதல் கோழிக் கூடு வரை இதன் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தன. கடைசியில் இயந்திரத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தோரும் பலர். அப்படி வந்தவர்கள் மீண்டும் ஓர் இயந்திரத்தைச் சம்பாதிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று எமது கைக்கு வரும் இயந்திரங்களிற் பல பழையவை. பல கை மாறியவை. வரும்போதே மூடி, தகடு, சேற்றுக்காப்பு என்று ஏதாவது ஒன்று இல்லாமல் வருகின்றன. அவை உழும் நிலமும் சாதாரண நிலமல்ல. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுப் பற்றைக் காடாகிப் போன வயல்கள். வெட்டிய மரங்களின் கட்டைகள், இடிந்த சுவர்க் கற்கள், மண்ணுக்குள் புதைந்த முள்ளுக்கம்பி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த காப்பு மட்டும் போதாது. இல்லாததைச் செய்து பூட்டவும் வேண்டும். நிலத்துக்கேற்ப மேலதிகமாகச் சிலவற்றைச் சேர்க்கவும் வேண்டும்.

இது ஏழைகளின் தந்திரம் மட்டுமல்ல. அவுஸ்திரேலியாவின் பண்ணைகளில் குவாட் பைக் எனப்படும் நாற்சில்லு வாகனம் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் வளையம் ஒன்றைப் பின்னால் பூட்டலாம் என்று தெரிந்திருந்தும் பலர் பூட்டவில்லை. இறுதியில் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஒக்ரோபர் 11 முதல் அங்கே புதிதாக விற்கப்படும் பொதுப் பாவனைக் குவாட் பைக் ஒவ்வொன்றிலும் அத்தகைய காப்புப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பணக்கார நாட்டிலும் காப்பு என்பது பின்னால் சேர்க்கப்பட்ட ஒன்றுதான்.

முதலாவது காப்பு: பெல்ற் மூடி

ஐந்து காப்புகளில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஏனென்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 33 சுற்று. பெல்ற் ஓடும் புலியின் விட்டம் 12 சென்ரிமீற்றர் என்றால், அதன் சுற்றளவு ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர். 33 ஆல் பெருக்கினால் பெல்ற் ஒரு செக்கனில் 12 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஒரு முறை கண்ணிமைக்கச் செக்கனில் மூன்றில் ஒரு பங்கு செல்கிறது. அதற்குள் பெல்ற் 4 மீற்றர் ஓடிவிடும். சாரத்தின் தலைப்போ, பின்னலோ, சேட்டுக் கையோ அகப்பட்டால், ‘ஐயோ’ என்று சொல்லுமுன் கை புலிக்குள் போய்விடும். கவனமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மனிதரின் கவனம் அவ்வளவு வேகமானதல்ல.

மிகவும் ஆபத்தான இடம், பெல்ற் புலிக்குள் நுழையும் வாய்தான். மூடி அந்த வாயை எல்லாப் பக்கத்திலும் மறைக்க வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் மறைத்து, மேலும் கீழும் திறந்திருக்கும் மூடி அரை மூடிதான்.

தேவையானவை: 1.5 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகடு. தாங்கு கால்களுக்கு 25 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டை இரும்பு. 8 மில்லிமீற்றர் போல்ற், வாஷர், நைலோன் வளையம் உள்ள நட். பழைய ரியூப் துண்டு. தகட்டை இரும்புக் கடையில் வாங்குங்கள். எரிபொருளோ கிருமிநாசினியோ இருந்த பழைய பீப்பாவை வெட்டித் தகடு எடுக்க முயல வேண்டாம். வெறும் பீப்பா போலத் தோன்றினாலும் உள்ளே தங்கியிருக்கும் ஆவி, வெட்டும்போது பறக்கும் நெருப்பில் வெடிக்கும். நாகம் பூசிய தகட்டை ஒட்டும்போது எழும் புகையும் கூடாது. அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சல் வரும்.

செய்யும் முறை:

1. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறவிடுங்கள். சில்லுகளுக்கு அடியில் கல் வையுங்கள். சேற்றைக் கழுவித் துடையுங்கள்.

2. முதலில் பெல்ற்றின் இறுக்கத்தைச் சரி பாருங்கள். இரண்டு புலிக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை தாழ வேண்டும். தளர்ந்த பெல்ற்றுக்கு அளவெடுத்து மூடி செய்தால், பெல்ற்றை இறுக்கிய பிறகு மூடி பொருந்தாது.

3. சீமெந்துப் பையின் கடதாசியை விரித்துப் பிடித்து, பெல்ற்றும் புலிகளும் அடங்கும் வடிவத்தைக் கீறுங்கள். எல்லாப் பக்கமும் 3 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். ஓடும்போது பெல்ற் துள்ளும். கிளச் பிடிக்கும்போது இன்னும் துள்ளும். அதற்குத்தான் இந்த இடைவெளி.

4. கடதாசியைத் தகட்டில் வைத்து வெட்டி, விளிம்புக்குச் சுற்றுச்சுவர் போல ஒரு பட்டையை ஒட்டுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்காதபடி ஒரு சென்ரிமீற்றர் மடித்துவிடுங்கள். சூடு வெளியேற வெளிமுகத்தில் 6 மில்லிமீற்றர் துளைகளை வரிசையாக இடலாம். அதைவிடப் பெரிய துளை வேண்டாம். பெரியவர்களின் விரல் புகாத துளைக்குள் குழந்தையின் விரல் புகும்.

5. தாங்கு கால் மூன்று வையுங்கள். முக்காலி ஆடாது, இரு காலில் நிற்பது ஆடும். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் அதிர்வில், ஆடுகின்ற எந்தத் தகடும் சில வாரங்களில் வெடித்துவிடும்.

6. காலைப் பூட்டுவதற்கு இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளையும் போல்ற்றுகளையும் தேடுங்கள். பழைய மூடி இருந்த இடத்தில் அவை கட்டாயம் இருக்கும். எஞ்சின் உடலிலோ கியர்ப் பெட்டியிலோ புதிய துளை இடவேண்டாம். ஒட்டுவேலை முழுவதையும் இயந்திரத்துக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். வேறு வழியில்லாமல் சட்டத்தில் ஒட்ட நேர்ந்தால், பற்றரி வயரைக் கழற்றி, டீசல் தாங்கியை அகற்றி, ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் ஏர்த் கவ்வியைப் பூட்டுங்கள். இல்லையேல் மின்சாரம் பெயரிங் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

7. தகடும் காலும் சேரும் இடத்தில் ரியூப் துண்டை வைத்து இறுக்குங்கள். 8 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு 12 அல்லது 13ஆம் இலக்க ஸ்பனர் பொருந்தும். யப்பான் இயந்திரங்களில் 12ஆம் இலக்கமே பெரும்பாலும் வரும்.

8. எஞ்சினை ஸ்ராட் செய்யாமல், கைபிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசும் சத்தம் கேட்கிறதா? கிளச்சைப் பிடித்தும் விட்டும் பாருங்கள். பிறகு ஸ்ராட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு மீண்டும் இறுக்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூடி எப்போதும் ஸ்பனரால் மட்டுமே கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கையால் கழறும் மூடி கையோடு காணாமற் போகும். ஓயில் பார்க்க வசதி வேண்டுமென்றால், அளவுகோல் இருக்கும் பக்கத்தில் மூடியின் வடிவத்தைச் சற்று ஒதுக்கிச் செய்யுங்கள். முழு மூடியும் கழன்றது அந்தச் சிறு வசதிக்காகத்தானே!

இரண்டாவது காப்பு: அடித்தகடு

காடாகிப் போன வயலில் முதல் உழவுக்கு இறங்கும் இயந்திரத்துக்கு இது அவசியம். கட்டையோ கல்லோ எஞ்சினின் அடியில் மோதி ஓயில் தட்டு வெடித்தால், ஓட்டுபவருக்கு உடனே தெரியாது. ஓயில் ஒழுகி முடிந்த சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். ஒரு போகத்தின் வருமானம் அங்கேயே போய்விடும்.

இதற்கு 4 மில்லிமீற்றர் தகடு போதும். 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தகடு ஏறத்தாழ 3.8 கிலோகிராம் வரும். முன் விளிம்பை வள்ளத்தின் அணியம் போல மேல்நோக்கி வளையுங்கள். அப்போது தகடு கட்டையில் முட்டி நிற்காமல் அதன் மேல் வழுக்கிப் போகும். நேரான விளிம்பு நிலத்தைக் கிண்டும்.

தகட்டுக்கும் ஓயில் தட்டுக்கும் இடையே 2 முதல் 3 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால், தகடு நெளியும்போது அடி நேரே ஓயில் தட்டுக்குப் போகும். தகட்டை எஞ்சின் அமர்ந்திருக்கும் சட்டத்தில் 10 மில்லிமீற்றர் போல்ற் நான்கால் பூட்டுங்கள். தலையில் 8.8 என்று பொறித்த போல்ற்றைக் கேட்டு வாங்குங்கள். அது வலிமை கூடியது. ஓயில் தட்டின் சொந்தப் போல்ற்றுகளில் ஒருபோதும் பூட்ட வேண்டாம். அவை தட்டைப் பிடிக்க மட்டுமே செய்யப்பட்டவை.

ஓயில் மாற்றும் திருகுக்கு நேர் கீழே 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துளை இடுங்கள். இல்லாவிட்டால் ஓயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டும். இரண்டு முறை கழற்றியபின் மூன்றாம் முறை பூட்ட மாட்டோம். பின்பக்கத்தில் சேறு வெளியேற இரண்டு நீள்துளைகளும் இடுங்கள். சேறு உள்ளே தங்கிக் காய்ந்தால் எஞ்சின் சூடாகும், தகடும் துருப்பிடிக்கும்.

பூட்டியபின் நிலத்துக்கும் தகட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். முன்பிருந்ததைவிட 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால், காப்பே இடைஞ்சலாகிவிடும்.

மூன்றாவது காப்பு: முன்வளையமும் வலையும்

லைற்றையும் இரேடியேற்றரையும் காக்க முன்னால் குழாய் வளையம் ஒன்றைப் பூட்டுகிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை. பாரமான இரும்பு நல்ல காப்பு என்ற எண்ணம் எம்மவரிடம் உண்டு. லாண்ட்மாஸ்டர் ஒரு தராசு. அச்சு நடுவில், எஞ்சின் முன்னால், கைபிடி பின்னால். அச்சிலிருந்து 80 சென்ரிமீற்றர் முன்னால் 20 கிலோ இரும்பைத் தொங்கவிட்டால், 160 சென்ரிமீற்றர் பின்னால் கைபிடியைப் பிடிப்பவர் ஏறத்தாழ 10 கிலோ பாரத்தை நாள் முழுவதும் மேலதிகமாகச் சமாளிக்க வேண்டும். வரம்பில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது தோளில் விழும். ஓர் அங்குலக் குழாயில் ஒரே வளையம் போதும்; 5 கிலோவுக்கு மேற்பட வேண்டாம்.

இரேடியேற்றருக்கு முன் மெல்லிய கம்பி வலை வைத்தால் வைக்கோலும் பதரும் உள்ளே போகா. காற்று தாராளமாகப் போக வேண்டும் என்பதால் தகடு வைக்கக் கூடாது. வலையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். புகைக் குழாயைச் சுற்றி வைக்கோல் சேரவிட வேண்டாம். அறுவடைக் காலத்தில் தீப்பற்ற அதுவே போதும்.

நான்காவது காப்பு: சுழல் கலப்பையின் மூடி

ரொட்டவேற்றரின் மேல் மூடியும் பின் தட்டியும் மண்ணைச் சமப்படுத்துவதற்கு மட்டும் வைத்தவையல்ல. பின்னால் நடப்பவரின் காலையும் அவைதாம் காக்கின்றன. துருப்பிடித்து ஓட்டையான தட்டியை 2 மில்லிமீற்றர் தகட்டால் மாற்றுங்கள். கத்திக்கும் தட்டிக்கும் இடையே கல் சிக்காத அளவு இடைவெளி விடுங்கள்.

சில இயந்திரங்களில் பின்கியர் போட்டால் சுழல் கலப்பை சுற்றாதபடி ஒரு தடை அமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரைக் கண்டிருக்கிறேன். பின்னால் வரும் இயந்திரம் ஓட்டுபவரைக் கீழே தள்ளும். சுற்றும் கத்தி அவர் மேல் வரும். இந்தத் தடையைத் தொடவே வேண்டாம்.

முள்ளுக்கம்பி கத்தி அச்சில் சுற்றிக்கொண்டால், கியரை விட்டால் போதும் என்று நினைத்துக் கையை விடாதீர்கள். எஞ்சினை அணையுங்கள். பிறகு வெட்டி எடுங்கள். ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. மிஞ்சும் துண்டு ஓயில் சீலை அறுத்துவிடும்.

ஐந்தாவது காப்பு: பெட்டியின் பின்பக்கம்

இது செலவு குறைந்தது. உயிர் காப்பதில் முதலாவதோடு போட்டி போடுவது. இரவில் வீதியில் லாண்ட்மாஸ்டர் பெட்டி மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றரில் போகிறது. பின்னால் வரும் பஸ் 60 கிலோமீற்றரில் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 45; அதாவது ஒரு செக்கனில் 12.5 மீற்றர் தூரம் குறைகிறது. சேறு பூசிய கறுத்தப் பெட்டி 25 மீற்றர் கிட்ட வந்தபின்தான் தெரியும் என்றால், சாரதிக்கு இருப்பது 2 செக்கன். சிவப்பு ஒளிதெறி நாடா ஒட்டிய பெட்டி 100 மீற்றரில் தெரிந்தால் 8 செக்கன். அந்த 6 செக்கனுக்குள்தான் பெட்டியில் தூங்கும் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு நாடா ஒட்டுங்கள்; முன்பக்கம் வெள்ளை. பலகையின் முழு அகலமும் தெரிய வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டினால் தூரத்தில் மோட்டார்ச் சைக்கிள் போலத் தோன்றும். மரத்தில் நேரே ஒட்டினால் மழைக்கு உரிந்துவிடும். தகரத் துண்டில் ஒட்டி, அதைத் திருகாணியால் பூட்டுங்கள். வைக்கோலோ விறகோ ஏற்றும்போது அது மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் பாரத்தின் மேலேயும் ஒரு துண்டைக் கட்டுங்கள். பெட்டியைக் கொழுவும் ஆணிக்குப் பூட்டுக் கம்பி போட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கண்ட கம்பியை ஆணியாகப் போட்டு ஓட்டியதால் பெட்டி கழன்ற கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

பூட்டியபின்

புதிதாகப் பூட்டிய எந்தப் பாகமும் முதலில் தளரும். ஒரு மணித்தியாலம் வேலை செய்தபின் எல்லாப் போல்ற்றுகளையும் இறுக்குங்கள். 10 மணித்தியாலம் கழித்து மறுபடியும். பின்னர் கிழமைக்கு ஒரு முறை. போல்ற்றின் தலையிலும் தகட்டிலும் சேர்த்துப் பெயின்றால் ஒரு கோடு கீறிவிட்டால், தளர்ந்ததைக் கண்ணாலேயே காணலாம். கோடு நேராக இல்லையென்றால் போல்ற் திரும்பியிருக்கிறது.

காப்பு எதைச் செய்யாது

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடித்தகடு கட்டைக்கும் கல்லுக்கும் காப்பு, கண்ணிவெடிக்குக் காப்பல்ல. 4 மில்லிமீற்றரோ 10 மில்லிமீற்றரோ, நாம் கிராமத்தில் செய்யும் எந்தத் தகடும் வெடியைத் தாங்காது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் எமது நாடு 2017 டிசம்பரில் இணைந்தது. அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து பெரும் பரப்பு விடுவிக்கப்பட்டுள்ளது. ஆயினும் சிவப்புப் பலகையோ சிவப்புத் தடியோ நிற்கும் இடத்துக்கு அப்பால், எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், இயந்திரத்தை இறக்க வேண்டாம். விடுவித்த நிலத்திலும் உழும்போது சந்தேகமான எதையாவது கண்டால், அதைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி நடந்து வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இயந்திரம் அங்கேயே நிற்கட்டும்.

காப்பு இருந்தும் விபத்து நேர்ந்தால், முதலில் எஞ்சினை அணையுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேரே விரலில் படக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

யாருடைய பொறுப்பு?

சொந்த இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. சங்கத்தின் இயந்திரத்துக்கு? எல்லோருடையதும் யாருடையதும் இல்லை என்றாகிவிடுகிறது. இன்று ஒருவர் கழற்றுவார். நாளை ஓட்டும் மற்றவர், ‘எனக்குத் தரும்போதே அப்படித்தான்’ என்பார்.

அந்தக் கிராமத்தார் விபத்துக்குப் பின்னர் கண்ட வழியை உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சினைச் சுற்றும் கைபிடி ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அதனோடு ஒரு கொப்பி. கைபிடியைக் கொடுக்குமுன் அவர் போய் ஐந்து காப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுகிறார். திரும்பி வரும்போதும் பார்க்கிறார். மூடி இல்லாவிட்டால், மழை வரப்போகிறது என்றாலும், விதைநெல் முளைகட்டிவிட்டது என்றாலும், கைபிடி இல்லை. அந்தப் பொறுப்பில் இருப்பவர் விரலிழந்த அந்தத் தம்பியேதான். அவரோடு வாதாட யாருக்கும் மனம் வருவதில்லை.

உழவுக்குக் கூலி கொடுக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் தாய்மார் பலர் இயந்திரம் வைத்திருப்பதில்லை; வாடகைக்குப் பிடிக்கிறார்கள். விதைநெல்லோடு பின்னால் நடப்பவர்களும் அவர்களே. பெல்ற் மூடியும் பின்தட்டியும் இல்லாத இயந்திரம் வந்தால், ‘தம்பி, மூடி போட்டுக்கொண்டு வாங்கோ’ என்று திருப்பி அனுப்புங்கள். கூலி கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஊரில் மூன்று பேர் திருப்பி அனுப்பினால் நான்காம் நாள் எல்லா இயந்திரத்திலும் மூடி இருக்கும்.

வேதாகமத்தில் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். அது இல்லாமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவர் கவனமாக இருந்தாரா என்று அந்தக் கட்டளை விசாரிக்கவில்லை. சுவர் இருந்ததா என்றே கேட்கிறது. இதைக் குருமடத்தில் படித்திருந்தும், அதன் பொருள் எனக்கு வைத்தியசாலைக் கட்டிலருகில்தான் விளங்கியது. இப்போது இயந்திரத்தை ஆசீர்வதிக்கும்படி யாராவது அழைத்தால், தீர்த்தச் செம்பை எடுக்குமுன் குனிந்து பெல்ற்றைப் பார்க்கிறேன். மூடி இல்லையென்றால், பூட்டிவிட்டு ஆளனுப்பும்படி சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. மூடியைப் பூட்டியபின் அவர்களும் ஆளனுப்பினார்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் எத்தனை லாண்ட்மாஸ்டர்கள் உள்ளன? அவற்றில் எத்தனைக்குப் பெல்ற் மூடி இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் எண்ணிக்கொண்டு வருவோம்.

2. கழற்றிய மூடிகள் இப்போது எங்கே இருக்கின்றன? ஏன் கழற்றினோம்? அந்தக் காரணத்தை வேறு விதமாகத் தீர்க்கலாமா?

3. ஊரில் ஒட்டுவேலை தெரிந்த இளைஞர் யார்? சங்கம் தகட்டை மொத்தமாக வாங்கி அவரிடம் ஒரே நாளில் வேலை கொடுத்தால் ஒரு மூடிக்கு எவ்வளவு முடியும்?

4. சங்கத்தின் இயந்திரக் கைபிடியையும் கொப்பியையும் யாரிடம் ஒப்படைக்கலாம்? அவர் ‘இல்லை’ என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

5. இரவில் வீதியில் போகும் எமது பெட்டிகளை இன்றிரவே ரோர்ச் லைற் அடித்து 100 அடி தூரத்திலிருந்து பார்ப்போம். என்ன தெரிகிறது?